ஸ்டோர் ரூமில் ஒரு கிரகணம்

பங்காரம்மா ஸ்டூல் மேல் ஏறி நின்று ஸ்டோர் ரூம் வென்டிலேட்டரில் பழைய பேப்பரை ஒட்டிக்கொண்டிருந்தார். ஸ்டூல் ஆடாமல் கீழே பிடித்துக்கொண்டு நின்றவள் மருமகள் மௌனிகா, ஏழு மாதக் கர்ப்பிணி. தன்னை அடைக்கப் போகிற அறைக்குத் தானே ஒத்தாசை செய்கிற கூத்தை எங்கே போய்ச் சொல்வது? ஆனால் மாமியாருக்கு முட்டி வலி. விழுந்து வைத்தால் ஆஸ்பத்திரிக்கு அலைவது யார்?

"பசை இன்னுங் கொஞ்சம் குடு கண்ணு."

"இதுக்கு மேல ஒட்டுனா பேப்பரே பிஞ்சுக்குமுங்கத்தை."

"பிஞ்சா இன்னொண்ணு ஒட்டிப்போட்டாப் போச்சு."

பீளமேட்டில் பழைய நாயுடு வீடு அது. பாதித் தெலுங்கு, பாதித் தமிழ் என்றுதான் பேச்சு ஓடும். கெஞ்சலும் கோபமும் வந்தால் மட்டும் முழுத் தமிழ். அன்றைக்குக் காலையிலிருந்தே அந்த வீட்டில் தமிழ்தான்.

மறுநாள் சூரிய கிரகணம். ஓரத்தில் கொஞ்சம் கடித்துவிட்டுப் போகிற கிரகணம் இல்லை. நிலா சூரியனுக்கு நட்டநடுவில் வந்து நிற்க, சுற்றிலும் நெருப்பு வளையம் மட்டும் மிஞ்சுகிற கிரகணம். 2019 டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில், அந்த வளையத்தின் பாதை கோயமுத்தூர் மேலேயே போகிறது. இதை டிவிக்காரன் சொல்லி மௌனிகா தெரிந்துகொள்ளவில்லை. பதினோராம் வகுப்பு படிக்கும்போதே அவளுக்குத் தெரியும். அந்த வருஷம் பொங்கல் சமயத்தில் இதே மாதிரி ஒரு வளையம் ராமேஸ்வரத்தில் தெரிந்தது. கூட்டிப்போகச் சொல்லி அப்பாவிடம் அழுது பார்த்தாள். பொங்கலும் அதுவுமாக எந்த அப்பா கூட்டிப்போவார்? மொட்டை மாடியில் நின்று, கடித்து வைத்த அப்பம் மாதிரி ஒரு சூரியனைப் பார்த்ததோடு சரி. அடுத்தது எப்போது என்று பள்ளி லைப்ரரியில் தேடியபோதுதான் இந்தத் தேதி கிடைத்தது. நாம் போக வேண்டியதில்லை, நம் ஊருக்கே வருகிறது என்று அன்றைக்கு அவள் துள்ளிய துள்ளலைப் பார்த்து லைப்ரரியன் அதட்டினார்.

அன்றிலிருந்து காத்திருந்தாள். காலேஜ், சரவணம்பட்டியில் வேலை, கல்யாணம் என்று எல்லாம் நடுவில் வந்து போயின. முதல் வருஷச் சம்பளத்தில் நகை வாங்காமல் ஆறு அங்குலத் தொலைநோக்கி வாங்கினாள். வானம் பார்க்கிற ஒரு குழுவில் சேர்ந்தாள். சனியின் வளையத்தை முதல் தடவை பார்த்த அன்று சாப்பாடே இறங்கவில்லை அவளுக்கு. அப்படியொரு பைத்தியம். எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வைத்தவள், இந்தத் தேதியில் வயிற்றில் ஒரு பிள்ளை இருக்கும் என்று மட்டும் கணக்குப் போடவில்லை.

கர்ப்பிணி கிரகணத்தில் வெளியே தலை காட்டக் கூடாது. கிரகண வெளிச்சம் வயிற்றில் பட்டால் பிள்ளைக்கு அங்கக் குறை வரும். கத்தி எடுக்கக் கூடாது, ஊசி தொடக் கூடாது, கிரகணம் விடும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. இதெல்லாம் பங்காரம்மா கண்டுபிடித்ததில்லை. அவருக்கு அவர் மாமியார் சொன்னது.

"அத்தை, இதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க. நிலாவோட நிழலுங்க, அவ்வளவுதான்," என்று மௌனிகா ஒரு மாதமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கும் ஆசைதான் அம்மணி. ஆயிப்போச்சுன்னா?"

அந்த 'ஆயிப்போச்சுன்னா' வந்ததும் மௌனிகா பேச்சை மாற்றிவிடுவாள். காரணம் இருக்கிறது. போன வருஷம் இதே டிசம்பரில் எரிகல் மழை பார்க்க, குழுவோடு அமராவதி அணைப் பக்கம் போனாள். அப்போதும் வயிற்றில் ஒரு பிள்ளை, ஐந்தாம் மாதம். ஜீப் குண்டும் குழியுமான பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போனது. அடுத்த வாரமே கலைந்துவிட்டது. ஜீப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது திருப்பிக் கத்தியிருப்பாள். அவளே தொலைநோக்கியைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றிப் பரணில் போட்டாள். அதற்கப்புறம் மாடிக்குத் துணி காயப்போடத்தான் போனாள்.

புருஷன் சசிதர் கணபதி ஏரியாவில் பம்ப்செட் கம்பெனி வைத்திருந்தான். நல்ல மனுஷன், சும்மா சொல்லக் கூடாது. "அம்மாகிட்ட நான் பேசறேன்" என்று சொல்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. பேசுவதுதான் இல்லை.

"ஏனுங்க, மூணு நிமிஷந்தான். வளையம் இருக்கற மூணு நிமிஷம் மட்டும் நான் மேல வந்துட்டுப் போயிர்றேன்."

"பேசறேன்னு சொன்னனில்ல?"

"எப்பப் பேசுவீங்க? அது முடிஞ்சு அடுத்ததுக்கா? அடுத்தது வாரதுக்கு இன்னும் பதினோரு வருசமாகுமுங்க. அதுவும் தெக்க எங்கியோதான்."

அவன் போனைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "சரி, உன்ற டெலஸ்கோப்பைப் பரண்ல இருந்து எறக்கட்டுமா? நாங்களாச்சும் பாக்கறோம்," என்றான். அவளுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் தலையை ஆட்டினாள். அவளுக்குக் கிடைக்காததற்காகக் கண்ணாடியைப் பரணில் தூசி தின்ன விடுவதா?

ஆகக் கூடி, அவளுடைய தொலைநோக்கி மாடிக்கு ஏறியது. அவள் ஸ்டோர் ரூமுக்கு இறங்கினாள்.

ஒரு காரியம் மட்டும் யாருக்கும் தெரியாமல் செய்துவைத்திருந்தாள். பேப்பர் ஒட்டிய அன்றைக்கே சாயங்காலம் மாமியார் கோயிலுக்குப் போன நேரத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, வென்டிலேட்டர் பேப்பரில் சேஃப்டி பின்னால் ஒரு ஓட்டை குத்தினாள். கிழக்கைப் பார்த்த வென்டிலேட்டர். ஊசித் துவாரம் வழியாக வருகிற வெளிச்சம் எதிர்ச் சுவரில் சூரியனின் படமாகவே விழும், நிலா கடித்த அளவு அதுவும் கடிபட்டிருக்கும். தொலைநோக்கியில் பார்ப்பதற்கு இது கால்தூசு பெறாது. ஆனாலும் தன் கண்ணால் பார்த்த மாதிரி ஆகும். ஊசியைத் தொட்டபோது கை ஒரு கணம் நின்றது. அட போ என்று குத்திவிட்டாள்.

காலையில் பங்காரம்மா அவள் புடவை மடிப்பில் தர்ப்பையைச் செருகினார். ஸ்டோர் ரூமில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில், மேற்குச் சுவரோரம் பாய் விரித்தார். தானும் உள்ளே வந்து எதிரே ஒரு மணையில் உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்குங்கத்தை? காப்பிகூடக் குடிக்கலியே, போய்ப் படுங்க."

"நீ பட்டினி கெடக்கறப்ப நான் காப்பி குடிக்கறதா?" என்றவர், வெளியே நின்ற மகளைப் பார்த்து, "ஷ்ரவ்யா, கதவைச் சாத்திக்க," என்றார்.

கதவு டப்பென்று சாத்தியது. இருட்டு. பருப்பு வாசனையும் பெருங்காய வாசனையும் மூச்சில் ஏறின. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அரிசி எடுக்கவும் பருப்பு எடுக்கவும் ஆயிரம் தடவை நுழைந்த அறைதான். இன்றைக்கு அதன் நான்கு சுவரும் நெருங்கி வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு. வளைகாப்பு வளையல்கள் கையை அசைக்கும்போதெல்லாம் சத்தம் போட்டன. அதுவே எரிச்சலாக இருந்தது.

கிரகணம் தொடங்கியதும் அவளுடைய செல்போன் அடித்தது. கிரகண சாஸ்திரத்தில் செல்போனைப் பற்றி எதுவும் இல்லாததால் பங்காரம்மா தடுக்கவில்லை. மாடியிலிருந்து ஷ்ரவ்யா.

"அண்ணி, ஒண்ணுமே தெரியலை. ஒரே கருப்பா இருக்குது."

"முன்னால ஃபில்டர் மாட்டியிருக்கா? அதைப் பாத்துக்க மொதல்ல. அது இல்லாம யாராச்சும் கண்ணை வெச்சா கண்ணு போயிரும்."

"மாட்டியிருக்குது அண்ணி."

"மேல இருக்கற சின்னக் குழாயை மூடிப் போடு, அதுக்கு ஃபில்டர் இல்லை. இப்பக் குழாயோட நெழல் தரையில விழுதில்ல? அது எவ்வளவு சின்னதாகுதோ அது வரைக்கும் திருப்பு. நெழல் உருண்டையா ஆனா சூரியன் உள்ள வந்துருச்சுன்னு அர்த்தம்."

சற்று நேரம் குசுகுசுவென்று பேச்சு. அப்புறம் ஒரே கூச்சல். மாமனார் வரதராஜுலு, "ஓரமாக் கடிச்சிருக்குதும்மா" என்று கத்துவது போனில்லாமலே கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள், கம்பெனி ஆட்கள் என்று மாடி நிறைய ஜனம். ஒருத்தர் விடாமல் எல்லாரும் அவளுடைய தொலைநோக்கியில் பார்த்தார்கள். சூரியன் நகர்ந்து போய்விட்டது என்று திரும்பத் திரும்பப் போன் வந்தது. எந்தப் பக்கம் தள்ளுவது, எந்தத் திருகைத் திருகுவது என்று இருட்டில் உட்கார்ந்தபடி சொல்லிக்கொடுத்தாள். கல்யாண மண்டபத்தில் எல்லாரும் விருந்து சாப்பிட, சமையற்கட்டிலிருந்து உப்புப் போதுமா என்று கேட்கிறவள் ஆகிவிட்டாள். இருந்தும் குரல் மாறாமல் சொன்னாள்.

அப்போதுதான் பங்காரம்மா, "அதென்ன கண்ணு?" என்றார்.

மௌனிகாவின் தலைக்கு மேலே, சுண்ணாம்புச் சுவரில், கட்டைவிரல் நக அளவுக்கு ஒரு வெளிச்சப் பொட்டு. ஒரு பக்கம் கடிபட்டிருந்தது.

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "சூரியனுங்கத்தை. நான்தான் பேப்பர்ல ஓட்டை போட்டேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். பங்காரம்மா திட்டவில்லை. மணையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பொட்டையே பார்த்தார். அது கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து பிறையாகிக்கொண்டிருந்தது.

"இதா? மேல நடக்கறது இதானா?"

"இதேதானுங்க. இன்னுஞ் சித்த நேரத்துல வளையமாயிரும்."

"ஷ்ரவ்யா வயித்துல இருக்கறப்பவும் ஒரு கெரகணம் வந்துச்சு. தீவாளிக்கு மறுநா," என்றார் பங்காரம்மா. "இதே ரூமுதான். எங்க மாமியார் வெளிய பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்புல சொருவிக்கிட்டாங்க. உள்ள உக்காந்து அவங்களை நான் திட்டுன திட்டு இருக்குதே." வாயைப் பொத்திச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து மௌனிகா பார்த்ததில்லை. மாமியாரும் மருமகளும் அந்த நகத்தளவு சூரியனைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். மௌனிகாவுக்கு அந்தக் கொஞ்ச நேரம் மூச்சு விடச் சுலபமாக இருந்தது.

ஆனால் மேலே சூரியன் ஏற ஏற, சுவரில் படம் இறங்கும். இது அவளுக்குத் தெரியாததில்லை. பாயை மாமியார் இந்தச் சுவரோரம் விரிப்பார் என்பதுதான் தெரியாது. பிறை சுவரில் வழுக்கி இறங்கி அவள் தோளைத் தொட்டது. அப்புறம் முந்தானையில் ஏறியது. அடுத்து வயிறு.

பங்காரம்மாவின் முகம் மாறிவிட்டது. முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ, சட்டென்று எழுந்து வந்து நடுவில் நின்றார். வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி, மருமகளை மறைத்துக்கொண்டு நின்றார்.

"அத்தை, நான் நகந்துக்கறேனுங்க. நீங்க உக்காருங்க."

"அது உன்னையத் தேடிக்கிட்டே வருது. என்ற முதுகு மேல விழுந்துட்டுப் போவட்டும். எனக்கு இனி என்ன ஆவப் போவுது."

"அத்தை, தள்ளுங்க. இப்ப வளையம் வந்துரும். எனக்கு ஒண்ணுமே தெரியலை."

"வேண்டாங் கண்ணு. சொன்னாக் கேளு."

அவ்வளவுதான். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. "பூட்டி வெச்சது பத்தாதுங்களா? ஊரே என்ற டெலஸ்கோப்புல பாக்குது. எனக்கு இந்தப் பொட்டு வெளிச்சங்கூட ஆகாதா? பத்து வருசமாக் காத்துக்கிட்டிருந்தேனுங்கத்தை." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"யாரு பூட்டுனா?" என்றார் பங்காரம்மா.

மௌனிகா நிமிர்ந்து பார்த்தாள்.

"கதவு சும்மாதான் சாத்தியிருக்குது. தாப்பாப் போட வேண்டாம்னு ஷ்ரவ்யாகிட்ட நாந்தான் சொல்லிப்போட்டேன். நீ இன்னும் ஒருக்காக்கூடத் தள்ளிப் பாக்கலை. போன வருசம் அணைக்குப் போறேன்னு நீ கேட்டப்ப, போயிட்டு வா கண்ணுன்னு சொன்னது யாரு? நானு. அந்த ஒரு வார்த்தைக்காவ எத்தனை நாள் தூங்காம கெடந்தேன்னு உனக்குத் தெரியாது. உன்னையக் கொற சொன்னனா? என்னையத்தான் சொல்லிக்கிட்டேன். இந்தத் தடவ போன்னும் சொல்ல மாட்டேன், போவாதன்னும் பூட்ட மாட்டேன். எனக்குப் பயம். பயம்னு சொல்லத்தான் தெரியும். படிச்சவ நீ. உனக்குப் போவோணும்னா போ."

ஒரு கையால் கதவைத் தள்ளினார். கதவு திறந்துகொண்டது.

மௌனிகா போனைப் பாயிலேயே போட்டுவிட்டு எழுந்தாள். தர்ப்பை கீழே விழுந்தது. ஹாலுக்கு வந்தாள். ஜன்னல் வழியாக வெயில் விழுந்திருந்தது, ஆனால் வெயிலில் காரமே இல்லை. காலை ஒன்பதரைக்குச் சாயங்காலம் மாதிரி ஒரு மங்கல். ஹால் நடுவே பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தியிருந்தார்கள். கிரகணம் பிடித்திருக்கும்வரை அது தானாக நிற்கும் என்பார்கள். நின்றுகொண்டிருந்தது. எல்லா நாளும் நிற்கும் என்று மௌனிகா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்தாள். முதல் படியில் ஒரு காலை வைத்தாள்.

மேலேயிருந்து ஷ்ரவ்யாவின் குரல் வந்தது. "அண்ணி, சேரப் போகுது. ரெண்டு முனையும் சேரப் போகுது."

இன்னொரு காலை எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஃபில்டர் இருக்கிறது. சூரியனை விட்டால் வேறு எந்த வெளிச்சமும் அங்கே இல்லை, தினமும் துணி காயப்போடும்போது படுகிற அதே வெளிச்சம். அவளுக்கு எல்லாம் தெரியும். நிலா எத்தனை வேகத்தில் போகிறது என்று தெரியும். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்றும் தெரியும்.

ஆனால் பிள்ளை பிறக்கும். பிறந்த பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், பேச்சுத் தாமதமாக வரும், ஒரு காது கொஞ்சம் மடங்கியிருக்கும். எந்தப் பிள்ளைக்குத்தான் ஒன்றில்லை? அப்போதெல்லாம் இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அவள்தான் சொல்லிக்கொள்வாள். அந்த மூணு நிமிஷம், அந்த மூணு நிமிஷம் என்று ஆயுளுக்கும் சொல்லிக்கொள்வாள். இது வெறும் நிழல் என்று யாரிடம் வேண்டுமானாலும் அவள் நிரூபிப்பாள். போன வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மௌனிகாவிடம் அவளால் நிரூபிக்க முடியாது. கதவு பூட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

மாடி மொத்தமும் ஓவென்று கத்தியது. விசில் பறந்தது. யாரோ கை தட்டினார்கள். "மௌனி, வந்துருச்சு! எங்க இருக்கற நீ?" என்று சசிதர் கத்துவது மேலேயிருந்து கேட்டது, ஸ்டோர் ரூம் பாயில் கிடந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது.

அவள் கால் எழவில்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி, ஒரு கால் படியில், ஒரு கால் தரையில், அப்படியே நின்றாள். மேலேயும் போகவில்லை, திரும்பவும் இல்லை. கூச்சல் மெல்ல அடங்கிச் சாதாரணப் பேச்சாகிறவரை நின்றாள். ஹாலில் வெயிலுக்குக் கொஞ்சம் காரம் வந்தது.

ஸ்டோர் ரூமுக்குத் திரும்பி வந்தபோது பங்காரம்மா பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கண்கள் பளபளத்தன. சுவரில் தாழ, பாய்க்குப் பக்கத்தில், மறுபடியும் பிறை. இந்தத் தடவை கடி மறுபக்கம் இருந்தது. அதைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, எல்லாம் முடிந்துபோனது.

"வந்துட்டியா கண்ணு?" பங்காரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "நானும் பாத்துப்போட்டேன். நீ போன பொறவு இங்க சுவத்துலயே வந்துச்சு. சின்ன மோதரமாட்ட, முழு வட்டம். எனக்கு ஒடம்பே சிலுத்துப்போச்சு. பயத்தை மறந்து பாத்துக்கிட்டே உக்காந்துட்டேன். இங்கயே இப்படின்னா மேல எப்படி இருந்துச்சு? சொல்லு, நல்லாப் பாத்தியா?"

மௌனிகா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டில் வளையத்தைப் பார்க்காதவள் அவள் ஒருத்திதான்.

"மேல போகலைங்கத்தை. படிக்கட்டுலயே நின்னுட்டேன்."

"ஏங் கண்ணு?"

"பயமா இருந்துச்சுங்க."

பங்காரம்மாவின் முகத்திலிருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போனது. மாடியிலிருந்து எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கி வருகிற சத்தம் கேட்டது.

"பயப்படறதுக்குத்தான் நான் இருக்கறனே அம்மணி," என்றார். "எல்லாந் தெரிஞ்ச புள்ள, நீயாச்சும் போயிருவேன்னுதான கதவைத் தொறந்து விட்டேன்."